ஒரே மாதத்தில் நான்கு ஆண்டுகள்

சுடலைமாடன் அண்ணாச்சி ஒரே மாதத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். இது என் கற்பனை அல்ல. தொழிலாளர் முதுமைக்கால நிதி வாரியத்தின் பாளையங்கோட்டை அலுவலகத்துக் கணினியில் அப்படித்தான் இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அப்படியே இருந்தது.

பகலில் நான் அந்த அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். வாரியத்துக்குப் போகிறவர்கள் முதலில் எங்களிடம் வந்து ஒரு விண்ணப்பம் அடித்துக்கொள்வார்கள். போய்வந்த பிறகு மறுபடி வந்து வேறொரு விண்ணப்பம் அடித்துக்கொள்வார்கள். எங்கள் முதலாளி வாரியத்தின் மேல் மிகுந்த மரியாதை உள்ளவர். மாலையில் எனக்குத் தொழிலாளர் சட்டப் பட்டய வகுப்பு. அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதி வையுங்கள், நினைத்ததை எழுத வேண்டாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நினைப்பதற்கு எனக்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு மருத்துவப் பஞ்சு ஆலை. பஞ்சு வெளுக்கும் தொட்டியில் அண்ணாச்சிக்கு வேலை. ஒரு தகராறில் ஆலை அவரை வெளியே நிறுத்திவிட்டது. வழக்கு நடந்தது. நிறுத்தியது தவறு, இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் அவர் வேலையில் இருந்ததாகவே கருத வேண்டும், அந்தக் காலத்துச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆலை பணத்தைக் கொடுத்தது, வேலையையும் திருப்பிக் கொடுத்தது. இப்போது வயதாகி ஓய்வு பெற்றுவிட்டார்.

வாரியத்தின் விதிப்படி, பத்து ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால் சாகும்வரை மாதாமாதம் ஓய்வூதியம். அவருக்குப் பிறகு மனைவிக்கும் உண்டு. பத்துக்குக் குறைந்தால் கட்டியதைக் கையில் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த நான்கு ஆண்டுகளைச் சேர்த்தால் அண்ணாச்சி பத்தைத் தாண்டுவார். சேர்க்காவிட்டால் தாண்டமாட்டார். அவர் மனைவி பீடி சுற்றுகிறவர். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதை நிறுத்திக்கொண்டன. ஆகவே அந்த வீட்டுக்கு இந்த நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

எங்கள் வகுப்பில் அந்த வாரம்தான் நிலுவைச் சம்பளம் பற்றிய பாடம் நடந்திருந்தது. பணம் என்றைக்குக் கைக்கு வந்தது என்பது முக்கியமல்ல, எந்த மாதத்துக்கு உரியது என்பதே முக்கியம், நிர்வாகம் அதை அந்தந்த மாதத்தில் பிரித்துத்தான் பதிய வேண்டும் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். ஆலையின் கணக்கர் சுந்தர்ராமன் அப்படிச் செய்யவில்லை. நாற்பத்தெட்டு மாதங்களுக்கு நாற்பத்தெட்டு வரிகள் நிரப்புவதற்குப் பதிலாக, பணம் கொடுத்த மார்ச் மாதத்தில் ‘சிறப்பு ஊதியம்’ என்று ஒரே வரியில் முழுத் தொகையையும் போட்டு வாரியத்துக்கு அனுப்பிவிட்டார். தொலைபேசியில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தொகையில் ஒரு பைசா குறைகிறதா என்று கேட்டார். பைசா குறையவில்லை சார், நான்கு ஆண்டுகள் குறைகின்றன என்றேன். கணக்குப் பிரிவு பணத்தைத்தான் பார்க்கும், காலத்தைப் பார்க்க அங்கே ஆள் போடவில்லை என்று பொறுமையாகச் சொல்லி வைத்துவிட்டார். பாடத்தை நான்தான் தவறாக எழுதிக்கொண்டேனோ என்று அன்று மாலை பக்கத்து இருக்கைக்காரியின் குறிப்பையும் வாங்கிப் பார்த்தேன். அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

அண்ணாச்சி என்னையும் வாரியத்துக்குக் கூப்பிட்டார். “நீயும் கூட வா தாயி. அவிய பேசுதது எனக்கு வெளங்க மாட்டேங்கு” என்றார். எனக்கும் விளங்காது என்பதை அப்போது நான் சொல்லவில்லை.

பிரிவு எழுத்தர் கிங்ஸ்டன் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டினார்.

“மார்ச் மாசம் நல்லா வேலை பாத்திருக்கீங்க அண்ணாச்சி.”

அது கிண்டல் இல்லை. உண்மையான பாராட்டுதான்.

“மார்ச் மாசம் எனக்குக் காய்ச்சல்” என்றார் அண்ணாச்சி.

“காய்ச்சலோட இவ்வளவா?” என்று கிங்ஸ்டன் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இது ஒரு மாதச் சம்பளம் அல்ல என்று அண்ணாச்சியின் மனுவோடு இணைத்திருந்த தீர்ப்பை நான் எடுத்து நீட்டினேன். கிங்ஸ்டன் அதை இரண்டு கையாலும் வாங்கி, படிக்காமல், உதவி ஆணையர் அருமைநாயகம் அவர்களின் அறைக்கு எங்களை அழைத்துப் போனார். அறைச் சுவரில் வாரியத்தின் வாசகம் பெரிதாக எழுதியிருந்தது: ‘உழைப்புக்கு நீங்கள், ஓய்வுக்கு நாங்கள்.’

உதவி ஆணையர் தீர்ப்பை முழுவதும் படித்தார். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான்கு ஆண்டும் வேலையில் இருந்ததாகக் கருத வேண்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது. நல்ல தீர்ப்பு. நீதிமன்றம் கருதலாம், அதற்கு அதிகாரம் இருக்கிறது. வாரியத்துக்குக் கருதும் அதிகாரம் கிடையாது. முப்பது வருஷ சர்வீஸில் நான் ஒரு தடவைகூட எதையும் கருதியதில்லை. எனக்குப் பதிவு வேண்டும். அந்த நான்கு ஆண்டுக்கும் இவருடைய வருகைச் சான்று கொண்டு வாருங்கள், நாளைக்கே முடித்துவிடலாம்.”

வேலைக்கு வரவிடாமல் வெளியே நிறுத்திய காலத்துக்கு வருகைச் சான்று எப்படிக் கிடைக்கும் என்று கேட்டேன். அதுதான் அம்மா இந்த வழக்கில் உள்ள சிக்கல் என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

வக்கீல் சொன்னதால் தினமும் காலையில் ஆலைக் கேட்டு வரைக்கும் போய் நின்றதாகவும், காவலாளி உள்ளே விடாததால் திரும்பியதாகவும் அண்ணாச்சி அப்போதுதான் சொன்னார். உதவி ஆணையரின் முகம் மலர்ந்தது. வாரியத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. கேட்டுக்கு எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதை நேரில் ஆய்வு செய்து அறிக்கை தருமாறு கிங்ஸ்டனுக்கு உடனே உத்தரவு போட்டார்.

அடுத்த வாரம் ஆய்வு நடந்தது. எங்கள் மையத்திலிருந்து மடிக்கணினியோடு நானும் போனேன். கிங்ஸ்டன் அளவு நாடா கொண்டு வந்திருந்தார். ஆலைக் கேட்டுக்கு முன்னால் சாலையோரத்தில், அன்றைக்கு நின்ற மாதிரியே நிற்கும்படி அண்ணாச்சியைக் கேட்டுக்கொண்டார். அண்ணாச்சி நின்றார். லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போனது. உள்ளே ஷிப்டு மாறும் நேரம். அவரோடு வேலை பார்த்தவர்கள் கம்பிக்குப் பின்னால் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“இயல்பா நில்லுங்க அண்ணாச்சி. ரொம்ப வெறைப்பா நிக்கீங்க.”

“அப்பம் கொஞ்சம் கோவமாத்தான் நின்னேன்.”

“கோவத்துக்கு இதுல எடம் இல்ல. சும்மா நில்லுங்க” என்றார் கிங்ஸ்டன்.

“சும்மா எவன்வே இங்கன வந்து நிப்பான்?” என்று கேட்டார் அண்ணாச்சி. கம்பிக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிங்ஸ்டன் கால்விரலிலிருந்து அளப்பதா, குதிகாலிலிருந்து அளப்பதா என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். விதியில் இல்லாததால் இரண்டையும் அளந்து சராசரி எடுத்தார்கள்.

அறிக்கை வந்தது. உறுப்பினர் நின்ற இடம் ஆலையின் எல்லைக்குள் இல்லை, நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானது, ஆகவே அந்த நான்கு ஆண்டுகளும் அவர் ஆலையின் தொழிலாளியா நெடுஞ்சாலைத் துறையின் தொழிலாளியா என்பது தெளிவாக வேண்டும் என்று இருந்தது. வாரியம் நெடுஞ்சாலைத் துறைக்குக் கடிதம் எழுதியது. அந்தத் துறை எப்போதும் இல்லாத வேகத்தில் பதில் போட்டது. அப்படி ஒரு தொழிலாளி தங்களிடம் இல்லை என்றும், ஆனால் சாலையோர நிலத்தை ஒரு நபர் ஆண்டுக்கணக்கில் தினமும் பயன்படுத்தி வந்ததாக வாரியமே தெரிவித்திருப்பதால் ஆக்கிரமிப்புக்காக ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டும் அண்ணாச்சி வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

அவர் நோட்டீஸோடு மையத்துக்கு வந்தார். நான் படித்துச் சொன்னேன். மன்னித்து விட்டுவிடும்படி ஒரு விண்ணப்பம் அடிக்கலாமா என்று கேட்டேன். எங்களிடம் அதற்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

“வேண்டாம். நான் நின்னது நெசந்தான்னு அடி. அவதாரம் எவ்வளவு போட்டாலும் கெட்டுதேன். ரசீதுல மட்டும் எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் நின்னேன்னு எழுதித் தரச் சொல்லு. அத அப்படியே கொண்டு போயி வாரியத்துல குடுத்துருவோம்.”

அபராதத்தைத்தான் அவர் அப்படிச் சொன்னார். சொன்னபடியே அடித்தேன். மூன்றாம் நாள் நெடுஞ்சாலைத் துறை நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு கடிதம் அனுப்பியது. யாருக்கும் தேதி போட்டு எதையும் எழுதிக் கொடுக்கும் நிலையில் தாங்கள் இல்லை என்று அதில் மறைமுகமாகச் சொல்லியிருந்தார்கள்.

இதற்கிடையில் வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. ஒவ்வோர் ஆண்டும் மாவட்டத்திலேயே ஒரு மாதத்தில் மிக அதிக ஊதியம் பெற்ற உறுப்பினரைக் கௌரவிப்பது வழக்கம். கணினிதான் தேர்ந்தெடுக்கும், மனிதர்கள் தலையிட மாட்டார்கள். சென்ற ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனையின் மேலாளருக்குக் கொடுத்தார்கள். இந்த ஆண்டு அழைப்பிதழ் ஆழ்வார்குறிச்சிக்குப் போனது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மதுரையிலிருந்து வந்த மண்டல ஆணையர், அவருக்குப் பக்கத்தில் உதவி ஆணையர் அருமைநாயகம், ஓரத்து நாற்காலியில் அண்ணாச்சி. சலவை மடிப்பு மாறாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்ன செய்யப் போகிறார் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கலாம். கேட்டால் பயத்தில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

உதவி ஆணையர் பேசினார். வகுப்பில் சொன்னபடி அப்படியே எழுதிக்கொண்டேன்.

“இந்த மாவட்டத்தில் உழைப்பாளிகள் பலர் உண்டு. ஆனால் சுடலைமாடனைப் போல் ஒருவர் இல்லை. அந்த மார்ச் மாதத்தில் இவர் ஈட்டிய ஊதியத்தை நான் என் சர்வீஸில் ஈட்டியதில்லை. நம் மண்டல ஆணையர் அவர்களும் ஈட்டியதில்லை. இது எப்படி முடிந்தது? ஓய்வு எடுக்காததால் முடிந்தது. ஓய்வையே நினைக்காத இப்படிப்பட்ட தொழிலாளிகளை நம்பித்தான் நம் வாரியம் இத்தனை ஆண்டுகளாக ஓய்வூதியம் வழங்கி வருகிறது. எல்லாத் தொழிலாளிகளும் இவரைப் போல் இருந்துவிட்டால் நமக்கு வேலையே இருக்காது. மண்டல ஆணையர் முன்னிலையில் இன்னொன்றையும் பெருமையோடு சொல்கிறேன். நம் அலுவலகத்தில் இன்றைய தேதியில் நிலுவை என்று ஒரு மனுகூடக் கிடையாது.”

கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிவாங்கியை அண்ணாச்சி கையில் கொடுத்தார்கள். அவர் அதை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டு சற்று நேரம் சும்மா நின்றார். பிறகு பேசினார்.

“எல்லாத்துக்கும் வணக்கம். இது ஒரு மாசத்துக் காசு இல்ல. நாலு வருசத்துக் காசு. கோர்ட்டு வாங்கிக் குடுத்தது. காசு வந்துட்டு. வருசம் இன்னும் வரல. அந்த வருசத்த இந்த ஆபீஸ்லதான் வச்சிருக்காவ. ஒரு மனுகூட நிலுவைல இல்லன்னு சார்வாள் சொன்னாவ. என் மனு இருக்கு. இந்தச் சால்வைய இப்பம் நான் எடுத்துட்டுப் போகக் கூடாது.”

சால்வையை எடுத்து, மடித்துக்கொண்டிருக்காமல், உதவி ஆணையரின் தோளில் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். புகைப்படக்காரர் வழக்கம்போல் எடுத்துவிட்டார். மறுநாள் பத்திரிகையில் ‘உதவி ஆணையருக்குப் பொன்னாடை அணிவித்த உழைப்பாளி’ என்று படம் வந்தது. ஆனால் மண்டல ஆணையர் பத்திரிகைக்காகக் காத்திருக்கவில்லை. மண்டபத்திலேயே அருமைநாயகத்தின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். காலாண்டு முடிவதற்குள் அந்த மனு இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் காலாண்டின் கடைசி நாள் மாலை கிங்ஸ்டனே சாலையைக் கடந்து மையத்துக்கு வந்து, அண்ணாச்சியை உடனே வரச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அவர் பேருந்தில் வந்து சேரும்வரை கிங்ஸ்டன் எங்கள் வாசலிலேயே நின்றார். அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

உதவி ஆணையரின் அறையில் எங்களுக்குத் தேநீர் வந்தது. வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றார். திரையில் காட்டினார். அந்த ஒரு வரி போய் நாற்பத்தெட்டு வரிகள் வந்திருந்தன. ஒவ்வொரு மாதமும் தன் இடத்தில், தன் சம்பளத்தோடு இருந்தது. இதற்கு எவ்வளவு நேரமாயிற்று என்று கிங்ஸ்டனிடம் மெதுவாகக் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்து, சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டதாகச் சொன்னார்.

இனி ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. பதிவை ஏன் திருத்தினோம் என்று காரணம் காட்டினால்தான் கணினி அதை ஏற்றுக்கொள்ளும். உதவி ஆணையர் ஒரு தாளை நீட்டினார். ‘என் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறேன். அதைத் திருத்திய வாரியத்துக்கு நன்றி’ என்று அடித்திருந்தது. கீழே அண்ணாச்சியின் பெயர்.

“வழக்கமான வாசகம்தான். பெரிசா எடுத்துக்க வேண்டாம்” என்றார்.

போட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று நானும் சொன்னேன். அவர் மனைவியின் விரல்கள் நினைவுக்கு வந்ததால் சொன்னேன்.

அண்ணாச்சி தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். மறுபடி படித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

“இதே மாதிரி ஒரு தாள எங்க முதலாளியும் நீட்டுனாரு சார். வெளிய நிறுத்துன மறுநாளே. தப்பு என் மேலதான்னு ஒரு கையெழுத்துப் போடுலே, நாளைக்கே தொட்டிக்கு வந்துரலாம்னாரு. நான் போடல. போட்டிருந்தா இந்த நாலு வருசமே கெடையாது. கோர்ட்டு, கேசு, ஒண்ணும் கெடையாது. அந்தக் கையெழுத்தப் போடாம இருந்ததுதான் சார் நாலு வருசம். அதத் தாரதுக்கு இப்பம் நீங்க கையெழுத்துக் கேக்கியளே.”

எனக்கு முகம் சுட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

கையெழுத்து இல்லாவிட்டால் இரவுக்குள் நாற்பத்தெட்டு வரிகளும் அழிந்து பழையபடி ஒரு வரியாகிவிடும் என்றார் உதவி ஆணையர். ஆகட்டும் என்றார் அண்ணாச்சி. மனு நிலுவையில் நிற்கும் என்றார். நிற்கட்டும், எனக்கு நின்று பழக்கம்தான் என்றார் அண்ணாச்சி. உதவி ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். மதுரைக்கு அறிக்கை போக வேண்டிய நேரம்.

வேறு காரணம் காட்ட முடியாதா என்று கிங்ஸ்டனிடம் கேட்டார். கிங்ஸ்டன் பட்டியலைத் திறந்தார். அதில் மொத்தம் மூன்றே காரணங்கள் இருந்தன. உறுப்பினரின் பிழை. மறைந்த உறுப்பினரின் பிழை. இயற்கைச் சீற்றம்.

நிர்வாகத்தின் பிழை என்று இல்லையா என்று கேட்டேன். இருந்தது அம்மா, அதைத் தேர்ந்தெடுத்தால் ஆலைக்கு நோட்டீஸ் போய், விசாரணை நடந்து, புதுக் கோப்பு தொடங்கிவிடுகிறது, நிலுவை கூடியதால் எடுத்துவிட்டார்கள் என்றார் கிங்ஸ்டன். வாரியத்தின் பிழை? மென்பொருள் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை.

இரண்டாவது காரணத்துக்குக் கையெழுத்து வேண்டியதில்லை என்று கிங்ஸ்டன் சுட்டிக்காட்டினார். உதவி ஆணையர் அண்ணாச்சியைச் சற்று நேரம் கூர்ந்து பார்த்தார். அண்ணாச்சி தேநீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். அந்த யோசனை கைவிடப்பட்டது.

“தாமிரபரணியில வெள்ளம் வந்துச்சா இல்லையா?” என்றார் உதவி ஆணையர்.

“வந்துச்சு சார். ஆனா அது இவங்க கேசு முடிஞ்ச பொறவு...” என்றார் கிங்ஸ்டன்.

“வந்துச்சா இல்லையான்னுதான் கேட்டேன்.”

பத்து நாளில் ஓய்வூதிய ஆணை வந்தது. ‘தாமிரபரணி வெள்ளப்பெருக்கின் காரணமாக ஒரே மாதத்தில் வந்து ஒதுங்கிய நான்கு ஆண்டுகள் உரிய இடங்களில் மீண்டும் சேர்க்கப்பட்டன’ என்று அதில் இருந்தது. சான்றளித்தவர்: உதவி ஆணையர். எனக்குச் சந்தேகம் வந்து அண்ணாச்சியின் ஆலை ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அங்கன வரைக்கும் வெள்ளம் வந்தால் பாளையங்கோட்டையே இருக்காதே தாயி என்றார்.

முதல் மாத ஓய்வூதியம் வங்கியில் ஏறிய மறுநாள் அவர் மையத்துக்கு வந்தார். மனைவிக்கு வைத்தியம் பார்க்க அழைத்து வந்ததாகவும், அவர் வெளியே ஆட்டோவில் இருப்பதாகவும் சொன்னார். கையில் ஆணை இருந்தது.

“ஒரு மனு அடி தாயி. வெள்ளத்துக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல, தப்பு ஆலை மேலயும் வாரியத்து மேலயும்தான்னு அடி.”

கிடைத்துவிட்டதே அண்ணாச்சி, இப்போது போய்க் கிளறினால் ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“நிறுத்தட்டும். நிறுத்துததுக்கும் ஒரு காரணம் போடணும்லா. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள என்ன வச்சிருக்காவன்னு பாப்போம்” என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் புதுப் பக்கம் திறந்தேன்.